உடம்புக்கும் ஒரு பாஸ்புக்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் இல்லாமல் விட்டுப்போன சில விவரங்களும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன.)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை, கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்கள் உடம்பின் கணக்கு இன்று யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

நாம் இருப்பது கோரிப்பாளையம். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனை நமக்கு நடந்து போகிற தூரம். அதைச் சுற்றி லேப், ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை. ராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு இது பெரிய பயணம், நமக்கு வாசல். வைத்தியத்துக்குக் குறையில்லாத இடம். ஆனால் இத்தனை வசதிக்கு நடுவில், உங்களுக்குக் கடந்த மூன்று வருடங்களில் எடுத்த ரத்தப் பரிசோதனைகளின் எண்களை வரிசையாகச் சொல்ல முடியுமா? சர்க்கரைக்கு ஒரு டாக்டர், முழங்காலுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு வேறு இடம், அவசரத்துக்குத் தெருமுனை லேப். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுக் கணக்கு இருக்கிறது. முழுக் கணக்கு யாரிடமும் இல்லை. வீட்டில் இருப்பது துணிக்கடைப் பையில் திணித்த காகிதங்கள்தான்.

வங்கியில் பேரேடு வங்கியிடம் இருக்கும். பாஸ்புக் வாடிக்கையாளரிடம் இருக்கும். இரண்டும் ஒரே கணக்குதான். பிறகு எதற்கு இரண்டு? ஒன்றில் தவறு நடந்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். வணிகவியல் படித்தவர்களுக்கு 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' ஞாபகம் இருக்கும். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பதுதான் அது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்தத் தத்துவம் மாறவில்லை. பணத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிற நாம், உடம்புக்குப் பேரேட்டை மட்டும் ஊரெல்லாம் விட்டுவிட்டு பாஸ்புக்கே இல்லாமல் இருக்கிறோம்.

ஒரு வரிசையில் எழுதினால் என்ன தெரியும் என்பதற்கு எங்கள் வீட்டு உதாரணம் ஒன்று. என் மனைவிக்குச் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை, சுமார் இரண்டு வருடத்தில் நான்கு முறை, மூன்று வெவ்வேறு லேப்களில் எடுத்தோம். ரிப்போர்ட்டைத் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தடித்த எழுத்து இல்லை, எல்லாம் அந்தந்த லேப் போட்டிருந்த எல்லைக்குள்தான். நோட்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன்: 0.8, 0.9, 1.0, 1.2. எல்லைக்குள் இருந்தாலும் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகிறது. அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அம்மா?" வலி மாத்திரை வேறொரு டாக்டர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுத்தது. மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டினால் மறுபடி மறுபடி கொடுத்துவிடுவார்கள். சில வகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்று டாக்டர் விளக்கி, அதை நிறுத்தி, வேறு வழி சொன்னார். ஆறு மாதம் கழித்து எடுத்தபோது 0.9. நான்கு ரிப்போர்ட்டும் நான்கு பையில் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்காவில் டேவ் டிபிரான்கார்ட் என்பவருக்கு 2007இல் சிறுநீரகப் புற்றுநோய். சிகிச்சை பெற்றுத் தேறினார். 2009இல், பாஸ்டன் நகரத்தில் தான் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பதிவுகளைக் கூகுள் நிறுவனம் அப்போது நடத்திய 'கூகுள் ஹெல்த்' சேவைக்கு மாற்றினார். திரையில் வந்ததைப் பார்த்தால், புற்றுநோய் மூளைக்கோ முதுகெலும்புக்கோ பரவியிருக்கிறது என்று இருந்தது. டாக்டர் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதே இல்லை. அவருக்கு வராத வேறு நோய்களும் பட்டியலில் இருந்தன. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. டாக்டர் எழுதிய குறிப்புகளுக்குப் பதிலாக, காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் அனுப்பப் பயன்படுத்திய குறியீடுகள் நோய்களாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டன. பாஸ்டன் குளோப் பத்திரிகை இதை முதல் பக்கத்தில் போட்டது. கணக்குக்காரன் கண்ணுக்கு இது தெளிவாகத் தெரிகிறது: ஒரு பேரேட்டின் பதிவு தலைப்பு மாறி இன்னொரு பேரேட்டில் ஏறிவிட்டது. அதைக் கண்டுபிடித்தது கம்ப்யூட்டரும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. கணக்குக்குச் சொந்தக்காரர்தான்.

இந்தக் கதைக்கு இன்னொரு முடிவும் உண்டு. அந்த கூகுள் ஹெல்த் சேவையே 2012 ஜனவரி 1 அன்று மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நடத்திய 'ஹெல்த்வால்ட்' 2019 நவம்பரில் மூடப்பட்டது. எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் செயலி வரும், போகும். உங்கள் உடம்பு உங்களோடு இருக்கும். அதனால் செயலியில் ஏற்றினாலும் உங்கள் கையில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

சரி, பிரதி கேட்டால் கொடுப்பார்களா? கொடுக்க வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். பத்து வருடத்துக்கு முன்பு நடந்த ஆபரேஷனின் விவரம் உங்களிடம் இல்லாவிட்டால் எங்குமே இல்லாமல் போகலாம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். லேபில் ரத்தம் கொடுக்கும்போதே ரிப்போர்ட்டை பி.டி.எஃப். ஆகவும் அனுப்பச் சொல்லுங்கள். வாங்கியவுடன் பெயர், வயது, தேதி சரியா என்று பாருங்கள். ஒரே பெயரில் எத்தனை முத்துலட்சுமி, எத்தனை பாண்டியன் இந்த ஊரில்!

இனி பாஸ்புக்கை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு பக்கம் போதும். மேலே பெயர், பிறந்த ஆண்டு, ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இரண்டு பேரின் போன் எண்கள். அடுத்து, இருக்கிற நோய்களும் நடந்த ஆபரேஷன்களும், ஆண்டோடு. அடுத்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது. அடுத்து, இன்று சாப்பிடும் மாத்திரைகள். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அட்டையில் அதனுடன் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். இரண்டு டாக்டர்கள் ஒரே மருந்தை வேறு வேறு கம்பெனிப் பெயரில் எழுதியிருந்தால் அப்போதுதான் தெரியும். கடைசியில் ஒரு கட்டம். தேதி, பி.பி., வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி., கிரியேட்டினின், எடை. வேறு நோய் இருந்தால் உங்கள் டாக்டரைக் கேட்டு அதற்குரியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த லேப் என்பதையும் எழுதுங்கள். லேபுக்கு லேப் எல்லை சற்று மாறும்.

இதை நோட்டில் எழுதினாலும் சரி, போனில் எழுதினாலும் சரி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் உங்கள் பி.பி.யோ சர்க்கரையோ பார்த்தால் அந்த எண்ணையும் இதே கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

வீட்டிலேயே பி.பி. மெஷின் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பதிவு சரியாக இருந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும். மாடி ஏறி வந்த மூச்சோடு பார்க்காதீர்கள். காபி குடித்து அரை மணி நேரம் போகட்டும். முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் கட்டுவது நம்பகமானது. டாக்டர் அறையில் 140க்கு 90 என்பதை எல்லையாக வைத்தால், வீட்டில் பார்க்கும்போது 135க்கு 85 என்பதை எல்லையாக வைப்பது வழக்கம். உங்களுக்கான எல்லையை உங்கள் டாக்டர் சொல்வார். வருடத்துக்கு ஒரு முறை மெஷினையும் கையோடு கொண்டுபோய் அவர் மெஷினோடு ஒத்துப்பாருங்கள்.

சர்க்கரை மெஷின் விஷயத்தில் என்னைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது பைசா சுத்தமாக டேலி ஆகிற கணக்கு இல்லை. நல்ல மெஷினுக்கே, லேப் அளவிலிருந்து 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று சர்வதேசத் தர விதி அனுமதிக்கிறது. நேற்று 140, இன்று 152 என்றால் ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பல நாட்களின் போக்கைப் பாருங்கள். விரலைக் குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் மெஷின் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும். விரலைக் குத்தாமலேயே சர்க்கரை சொல்லும் என்று கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் விளம்பரம் வருகிறது. அப்படித் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

ரிப்போர்ட்டைப் போனில் உள்ள செயற்கை அறிவுச் செயலியிடம் காட்டி விளக்கம் கேட்பதும் இப்போது வந்துவிட்டது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கலாம். டாக்டரிடம் என்ன கேள்வி கேட்பது என்று தயார் செய்துகொள்ளலாம். மாத்திரையை நிறுத்தலாமா, கூட்டலாமா என்பதை மட்டும் அங்கே கேட்காதீர்கள். படம் அனுப்புவதற்கு முன் பெயரையும் போன் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

அடுத்து, பலரும் என்னிடம் கேட்பது ஆபா எண் பற்றி. ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுண்ட் என்பதன் சுருக்கம்தான் ஆபா. 14 இலக்கம். 2020 ஆகஸ்ட் 15 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. இதில் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ஆபா என்பது காப்பீடு அல்ல. அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வேறு, பிரதமர் பெயரிலான திட்டத்தின் காப்பீட்டு அட்டை வேறு, ஆபா வேறு. ஆபா என்பது, வெவ்வேறு இடங்களில் கிடக்கிற உங்கள் பதிவுகளை ஒரே எண்ணோடு இணைக்கிற நூல்.

உங்கள் ரிப்போர்ட்டுகள் எல்லாம் டில்லியில் ஒரே கம்ப்யூட்டருக்குப் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அமைப்பு அப்படி இல்லை. லேபில் உருவான ரிப்போர்ட் லேபிலேயே இருக்கும், மருத்துவமனையில் உருவானது மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு டாக்டர் பார்க்க வேண்டுமானால் உங்கள் போனுக்குக் கோரிக்கை வரும். எதைப் பார்க்கலாம், எத்தனை நாளுக்குப் பார்க்கலாம் என்று நீங்கள் அனுமதி கொடுக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம். வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்து, வேண்டாமென்றால் நிறுத்துவது மாதிரிதான். ஆபா எடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயம் அல்ல. பல அரசு மருத்துவமனைகளில் புறநோயாளி சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் கியூ.ஆர். கோடைப் போனில் ஸ்கேன் செய்து டோக்கன் வாங்கும் வசதி இதனால் வந்திருக்கிறது. முழங்கால் வலியோடு நிற்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒன்று: லேபோ டாக்டரோ அந்த அமைப்பில் சேர்ந்து பதிவை இணைத்தால்தான் உங்கள் கணக்கில் அது தெரியும். அதுவரை உங்கள் நோட்டுதான் முழுக் கணக்கு.

இனி பூட்டைப் பற்றி. நாம் கொடுக்கிற தகவல் பத்திரமாக இருக்கிறதா? 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. நாட்டின் முதன்மையான மருத்துவமனையில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் சீட்டும் ரிப்போர்ட்டும் கையால் எழுத வேண்டியதாயிற்று. கையில் தன் பழைய ரிப்போர்ட்டை வைத்திருந்த நோயாளிக்கு அந்த நாட்களில் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ ரிப்போர்ட்டுகள் உட்பட, டெலிகிராம் வழியாக யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கிடைக்கின்றன என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சைபர் தாக்குதலில் சில தகவல்கள் சட்டவிரோதமாக அணுகப்பட்டன என்று அக்டோபரில் உறுதிசெய்தது.

ஏ.டி.எம். பின் நம்பர் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், கார்டைப் பிளாக் செய்யலாம். உங்கள் நோய் வெளியே போனால் எதைப் பிளாக் செய்வீர்கள்? மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில், மகன் வேலைக்குச் சேர்கிற நேரத்தில் ஒரு ரிப்போர்ட் கைமாறினால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நமக்கு எல்லாம் தெரியும். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்த கூகுளின் ஆய்வு 2016இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வந்தது. அதற்குப் பயன்பட்ட 1,28,175 விழித்திரைப் படங்கள் அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவில் உள்ள மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. அதில் அரவிந்தும் ஒன்று. பிறகு அந்த முறை முதலில் நிஜ நோயாளிகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்ததும் மதுரை அரவிந்தில்தான். தகவலைச் சரியான இடத்தில், சரியான காரணத்துக்குக் கொடுத்தால் ஊருக்கே பார்வை கிடைக்கும். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொண்டு, அந்தத் தேதியையும் உங்கள் பக்கத்தில் எழுதுங்கள்.

சட்டமும் வந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலாகின்றன. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தவறான தகவலைத் திருத்தக் கேட்கவும் அதில் உரிமை உண்டு. எனக்குப் பிடித்த பிரிவு இன்னொன்று: நீங்கள் இறந்தாலோ, செயல்பட முடியாத நிலைக்குப் போனாலோ, இந்த உரிமைகளை உங்கள் சார்பில் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம். டெபாசிட்டுக்கு நாமினி போடுகிறோமே, அதேதான்.

நாமினி என்றதும் வீட்டு விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் ஐயாவின் ஃபைல் தடியாக இருக்கும். ஈ.சி.ஜி., எக்கோ, எல்லாம் வரிசையாக, கவர் போட்டு. அம்மாவின் ஃபைல் எங்கே என்று கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். ஐயாவின் மாத்திரை நேரம் எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். அம்மாவின் பி.பி. எவ்வளவு என்று ஐயாவுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஒரு பாஸ்புக் என்று வைக்காதீர்கள். ஆளுக்கு ஒன்று. முதலில் அம்மாவுக்கு எழுதுங்கள். பெற்றோரின் போனைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா, யாருக்கு அனுப்பலாம் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வயதானாலும் கணக்கு அவர்களுடையது.

கடைசியாக, நம் சங்கத்தின் முன்னால் இருக்கும் யோசனை. குடியிருப்பவர்கள் அனைவரின் நோய், மாத்திரை, ரத்த வகை விவரங்களை ஆன்லைன் படிவத்தில் வாங்கிச் சங்கத்திலேயே வைத்துக்கொண்டால் அவசரத்துக்கு உதவும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனை. நான் மரியாதையோடு மறுக்கிறேன். அந்தப் பட்டியல் யார் போனில் இருக்கும்? நிர்வாகிகள் மாறும்போது பழைய போனிலிருந்து யார் அழிப்பார்கள்? ஒரு நாள் அது தவறுதலாக வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால், மூன்றாவது மாடியில் யார் மனநல மாத்திரை சாப்பிடுகிறார், ஐந்தாவது மாடியில் யாருக்குக் கட்டி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு லிஃப்டில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியுமா? வங்கியில் லாக்கரை நாங்கள் வாடகைக்குக் கொடுப்போம், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டோம். சங்கமும் அப்படி இருப்பதுதான் நல்லது.

ஆனால் அவசரம் உண்மை. இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு வாய் கோணி, கை விழுந்துவிட்டது என்று வையுங்கள். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா, எப்போதிருந்து இப்படி இருக்கிறார் என்று தெரியாமல் டாக்டர் அதைப் போட முடியாது. அந்த நேரத்தில் தனியாக இருக்கும் மனைவி பதறிப்போய் நிற்பார், மகன் கலிபோர்னியாவில் மீட்டிங்கில் இருப்பார். பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதால் மிச்சமாகும் நேரத்தை, மாத்திரைப் பெயர் தேடுவதில் இழக்கக் கூடாது.

அதற்கு என் மாற்று யோசனை இது. ஒவ்வொருவரும் தம் ஒரு பக்கத்தை எழுதி, மஞ்சள் கவரில் போட்டு, வீட்டு பிரிட்ஜ் கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே நிறம், ஒரே இடம். பக்கத்து வீட்டுக்காரரோ 108 ஊழியரோ வந்தால் தேட வேண்டாம், கவரை எடுத்துக்கொண்டு புறப்படலாம். சாதாரண நாளில் யாரும் பிரிக்கக் கூடாது. சங்கத்தில் இருக்க வேண்டியது, வீட்டுக்கு இரண்டு அவசரப் போன் எண்கள் மட்டும். போன் வைத்திருப்பவர்கள், பூட்டைத் திறக்காமலேயே 'எமர்ஜென்சி' என்று தொட்டால் தெரியும் பகுதியில் ஒவ்வாமை, முக்கிய மாத்திரை, கூப்பிட வேண்டிய எண் ஆகியவற்றைப் பதிந்து வையுங்கள். ஆபா எண்ணுக்கு என்று சொல்லி யார் போன் செய்து ஓ.டி.பி. கேட்டாலும், வங்கிக்குச் சொன்ன அதே பதில்: கொடுக்காதீர்கள்.

எழுதத் தெரியாதவர்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அறைக்கு ரிப்போர்ட்டுகளோடு வாருங்கள். நானும் எழுதித் தருகிறேன், நம் குடியிருப்பின் கல்லூரிப் பிள்ளைகளும் பி.டி.எஃப். சேமிப்பது, ஆபா எடுப்பது போன்றவற்றில் உதவ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எழுதிய தாளை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். எங்களிடம் ஒரு பிரதியும் இருக்காது.

மஞ்சள் கவர் யோசனையை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதற்குள் சொல்லுங்கள், பேசி முடிவு செய்வோம். அதுவரை தீர்மானத்துக்குக் காத்திருக்காமல், இன்று இரவே ஒரு தாளை எடுத்து மாத்திரைப் பெயர்களை மட்டுமாவது எழுதிவிடுங்கள்.